இது தடிமன் இல்லை, அம்மா

மே மாதம் வந்தால் எங்கள் வீட்டில் மூன்று விஷயங்கள் தவறாமல் நடக்கும். அப்பா காரின் குளிர்கால டயர்களைக் கழற்றுவார். அம்மா பின் பல்கனியில் கொடியை இழுத்துக் கட்டி, ஆறு மாதத்துக்குப் பிறகு உடுப்புகளை வெளியில் காயப்போடுவா. எனக்குத் தடிமன் வரும்.

தடிமன் என்றுதான் வருடக்கணக்காக எல்லோரும் சொன்னோம். மூக்கு ஒழுகும். தும்மத் தொடங்கினால் பத்துத் தும்மலுக்குக் குறையாது. கண் சிவந்து கடிக்கும். அம்மா மல்லி அவித்துத் தருவா, நெற்றியில் சித்தாலேப பூசுவா. "ஜக்கெற் போடாமல் திரிஞ்சனி, அதுதான்" என்று பேச்சும் விழும். ஜூன் வந்ததும் அது தானாகப் போய்விடும். மல்லித்தண்ணி வேலை செய்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்படுவா. அடுத்த மே மாதம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவோம்.

எனக்கு இருந்தது மரங்களின் மகரந்தத்துக்கு வரும் ஒவ்வாமை. மொன்றியலில் வளரும் எங்கள் பிள்ளைகள் பலருக்கு இது இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் எங்கள் வீடுகளில் இதற்குப் பெயர் இல்லை. தடிமன் என்ற பெயரைத்தான் இதற்கும் வைத்திருக்கிறோம். பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைத்துவிடும். இன்று நான் எழுத வந்தது அதைப் பற்றி.

சோதனை நாளில் நடந்தது

கியூபெக்கில் படித்தவர்களுக்குத் தெரியும், செகண்டரி 5 பிரெஞ்சு எழுத்துச் சோதனை மே மாதத் தொடக்கத்தில் வரும். அந்த வருடம் சோதனைக்கு முதல் நாள் எனக்கு மூக்கு நிற்கவே இல்லை. வீட்டு அலுமாரியில் அலர்ஜிக்கான பழைய வகைக் குளிசை ஒன்று இருந்தது. இரவு ஒன்று போட்டேன், காலையில் இன்னொன்று போட்டேன். மூக்கு நின்றது. தலையும் சேர்ந்து நின்றுவிட்டது. ஒரே வசனத்தை மூன்று தரம் வாசித்தும் எனக்கு விளங்கவில்லை. சித்தியடைந்தேன், ஆனால் வருடம் முழுக்க எடுத்த புள்ளிகளுக்கு அது கிட்டவும் இல்லை. வீட்டில் ஒருவரும் குளிசையைக் குறை சொல்லவில்லை. நான் படிக்கவில்லை என்று முடிவு செய்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பல வருடம் கழித்து, 2007இல் பிரித்தானியாவில் வந்த ஓர் ஆய்வைப் பற்றி வாசித்தேன். 15 முதல் 17 வயது வரையான 1,834 மாணவர்களின் குளிர்காலப் பயிற்சிச் சோதனைப் புள்ளிகளையும் கோடைக்காலச் சோதனைப் புள்ளிகளையும் ஒப்பிட்டிருந்தார்கள். சோதனை நேரத்தில் மகரந்த ஒவ்வாமை இருந்தவர்களுக்குப் புள்ளி ஒரு படி இறங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 40 வீதம் அதிகம். நித்திரை வரவைக்கும் குளிசை எடுத்தவர்களுக்கு அது சுமார் 70 வீதம். அதை வாசித்தபோது எனக்கு ஆறுதலும் வந்தது, கோபமும் வந்தது. ஒருவர் சரியான பெயரைச் சொல்லியிருந்தால் அந்த மே மாதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அப்பிள் சொன்ன சேதி

எனக்கு உண்மை தெரிந்தது செஜெப் படிக்கும்போதுதான், அதுவும் ஓர் அப்பிளால். பச்சை அப்பிள் கடித்தால் உதடும் அண்ணமும் கடிக்கத் தொடங்கும். பத்து, பதினைந்து நிமிடத்தில் அடங்கிவிடும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் மூக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் பார்மசிக்காரரிடம் பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன். அவர் உடனே நிமிர்ந்து பார்த்தார். ஒவ்வொரு வருடமும் இதே மாதத்திலா? காய்ச்சல் வருமா? கண் கடிக்குமா? அப்பிளை அவித்துச் சாப்பிட்டாலும் இப்படி வருமா? நாலு கேள்விதான். "இது தடிமன் இல்லைப் போலிருக்கிறது, ஒவ்வாமை வைத்தியரைப் பாருங்கள்" என்றார்.

வைத்தியர் என் முன்கையில் வரிசையாகச் சொட்டுகள் வைத்து, ஒவ்வொன்றிலும் மெல்லக் குத்தினார். சுமார் 15 நிமிடம் பொறுத்திருந்தேன். ஒரு சொட்டு மட்டும் நுளம்பு கடித்த மாதிரி வீங்கிச் சிவந்தது. அது பேர்ச் மரத்தின் மகரந்தம். பிரெஞ்சில் பூலோ என்போமே, பள்ளிக்கூட முற்றங்களிலும் பூங்காக்களிலும் வெள்ளைப் பட்டையோடு நிற்கிற அதே மரம்.

அப்பிளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? பேர்ச் மகரந்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தைப் போன்ற புரதங்கள் அப்பிள், பீச், செரி, கரட், செலரி, ஹேசல்நட் போன்றவற்றிலும் இருக்கின்றன. உடம்பு இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறது. சமைத்தால் அந்தப் புரதம் பெரும்பாலும் குலைந்துவிடும். அதனால்தான் அப்பிள் பை எனக்கு ஒன்றும் செய்வதில்லை. எங்கள் சாப்பாட்டிலும் இது உண்டு. பேர்ச் ஒவ்வாமை உள்ள சிலருக்குப் பலாப்பழமும், முளைவிட்ட பயறும் இப்படிச் செய்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வாய் கடிப்பதோடு நின்றால் பெரிதாகப் பயப்பட வேண்டாம், வைத்தியரிடம் சொல்லி வையுங்கள். தொண்டை இறுகினாலோ, மூச்செடுக்கக் கஷ்டமானாலோ, சத்தி வந்தாலோ யோசிக்காமல் 911ஐக் கூப்பிடுங்கள்.

மரம் என்ன செய்கிறது?

இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த நான் பனையில்தான் தொடங்கினேன். ஊரில் ஆண்பனையில் பாளை தொங்கும், அது காய்க்காது என்று அவவுக்குத் தெரியும். பேர்ச் மரத்தில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில் இருக்கும். ஆண்பூங்கொத்து மசுக்குட்டி மாதிரி நீளமாகத் தொங்கும். இந்த மரம் தேனீயை நம்பி இருப்பதில்லை, காற்றை நம்பி இருக்கிறது. காற்று எங்கே கொண்டுபோகும் என்று தெரியாததால் அள்ளி அள்ளி வீசுகிறது. ஒரு பூங்கொத்திலேயே பல இலட்சம் மகரந்தத் துகள்கள் இருக்கும். ஒரு துகளின் அகலம் ஒரு மில்லிமீற்றரில் சுமார் நாற்பதில் ஒரு பங்கு.

அதனால், "எங்கட தெருவில மரமே இல்லையே" என்று பார்க் எக்ஸ்ரென்ஷனில் இருக்கும் நீங்கள் சொல்ல முடியாது. உங்கள் தெருவில் மரம் குறைவுதான். ஆனால் இந்தத் துகள் காற்றில் பல கிலோமீற்றர் பயணம் செய்யும்.

மொன்றியலில் மார்ச் கடைசி, ஏப்ரலில் ஆல்டர், பொப்ளர், எல்ம், மேப்பிள் என்று தொடங்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய பேர்ச்சின் காலம். மே மாதத்தில் ஓக்கும் சேரும். ஜூனில் புல் தொடங்கும். ஓகஸ்ற் முதல் பனி விழும்வரை ரக்வீட், பிரெஞ்சில் எர்ப் ஆ பூ. உங்களுக்கு எந்த மாதத்தில் வருகிறது என்பதே பாதி விடை.

இன்னொன்று. ஜூன் மாதத்தில் வெள்ளைப் பஞ்சு பறந்து தெருவெல்லாம் குவியும். எல்லோரும் அதைத்தான் குற்றம் சொல்வார்கள். அது பொப்ளர் மரத்தின் விதை, எங்கள் இலவம்பஞ்சு மாதிரி. தும்ம வைப்பது பஞ்சு இல்லை, அதே நேரத்தில் காற்றில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத புல்லின் மகரந்தம்.

தடிமனா, ஒவ்வாமையா?

தடிமன் ஒரு வைரஸ். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். தொண்டை நோகும், உடம்பு உளையும், சிலவேளை காய்ச்சல் வரும், சளி தடிக்கும். ஒவ்வாமை வாரக்கணக்கில் இழுக்கும். காய்ச்சல் வராது. மூக்கிலிருந்து வருவது தண்ணி மாதிரி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கடிக்கும்: கண், மூக்கு, அண்ணம், காதுக்குள். வெயிலும் காற்றுமான நாளில் கூடும், நல்ல மழைக்குப் பிறகு குறையும். கண்ணுக்குக் கீழே கருமை விழும். அடிக்கடி உள்ளங்கையால் மூக்கை மேலே தள்ளித் தேய்க்கும் பழக்கம் வரும். உங்கள் சின்ன வயது மே மாதப் படங்களை எடுத்துப் பாருங்கள். என் படங்களில் எல்லாவற்றிலும் அந்தக் கருமை இருக்கிறது. நித்திரை முழிச்சு ரிவி பார்க்கிறாள் என்று அதற்கும் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

நெஞ்சு இறுகினாலோ, மூச்சு விடும்போது விசில் மாதிரிச் சத்தம் கேட்டாலோ, இரவில் இருமல் எழுப்பினாலோ அது தொய்வாக, அதாவது அஸ்மாவாக இருக்கலாம். அதைக் குளிசையால் மூடி மறைக்காதீர்கள். வைத்தியரிடம் போங்கள்.

பெற்றோரைக் குறை சொல்ல வரவில்லை

அம்மா வளர்ந்த யாழ்ப்பாணத்தில் பேர்ச் மரம் இல்லை. மார்கழிப் பனியில் தலை நனைந்தால் தடிமன் வரும் என்று அவவுக்கு அவவின் அம்மா சொல்லிக் கொடுத்தா. ஒவ்வொரு மார்கழியிலும் தடிமன் வந்ததையும் அவ கண்டா. அந்த அறிவோடு வந்தவ, இங்கே மூக்கு ஒழுகினால் குளிரைத்தான் தேடுவா. வைத்தியர்களே அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். 1819இல் ஜோன் பொஸ்ரொக் என்ற லண்டன் வைத்தியர் தனக்கே இருந்த இந்த வருத்தத்தை விவரித்து எழுதினார். ஆனால் வெயிலின் சூடுதான் காரணம் என்று நினைத்தார். மான்செஸ்ரரில் சார்ல்ஸ் பிளாக்லி, அவருக்கும் இதே வருத்தம், மகரந்தத்தைத் தன் மூக்கிலும் தோலிலும் வைத்துச் சோதித்து, 1873இல் புத்தகமாக வெளியிட்டார். வெயிலிலிருந்து மகரந்தத்துக்கு வந்து சேர ஐம்பது வருடத்துக்கு மேல் எடுத்தது. எங்கள் வீட்டில் இருபது வருடம்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் குறை உண்டு, அதில் என்னையும் சேர்த்துக்கொள்கிறேன். வருத்தத்தைச் சொல்வது பலவீனம் என்று எங்கள் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. "நாங்கள் என்னென்ன கண்டு வந்தனாங்கள், உனக்குத் தும்மலா பெரிசு?" இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஷெல்லுக்குள் இருந்து வந்தவர்களுக்கு முன்னால் தும்மல் சின்னதுதான். அதனால் வாயை மூடிக்கொள்வோம். பத்து வயதிலிருந்து கிளினிக்கில் அம்மாவுக்கு மொழிபெயர்த்தவள் நான். அவவின் பிரஷரையும் அப்பாவின் சீனி வருத்தத்தையும் பிரெஞ்சில் சொல்லத் தெரிந்த எனக்கு, என் மூக்கைப் பற்றித் தமிழில் சொல்லத் தெரியவில்லை.

அந்த மௌனத்தின் விலையை நான் மட்டும் கொடுக்கவில்லை. அம்மா 1995இல் இங்கே வந்தா. ஷபனெல் தெருவில் தையல் வேலை. வந்து ஐந்தாறு வருடத்தில் அவவுக்கும் மே மாதத்தில் மூக்கு ஒழுகத் தொடங்கியது. துணித் தூசு என்று நினைத்தா. வேலை இல்லாத சனி, ஞாயிறிலும் ஒழுகியதை அவ கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. புது நாட்டுக்கு வந்து சில வருடம் கழித்து, அந்த நாட்டு மகரந்தத்துக்குப் புதிதாக ஒவ்வாமை வருவது பல நாடுகளில் குடியேறியவர்களிடம் கண்டறியப்பட்ட ஒன்று. பிள்ளைக்கு மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். உங்கள் அம்மாவின் கண்ணையும் பாருங்கள்.

என்ன செய்யலாம்

நான் வைத்தியர் இல்லை. எனக்குச் சொல்லித் தரப்பட்டதையும் எனக்கு வேலை செய்ததையும் சொல்கிறேன். உங்கள் அளவையும் மருந்தையும் பார்மசியில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள். மே மாதத்தில் தலையணை உறையையும் படுக்கை விரிப்பையும் வெளிக்கொடியில் போடாதீர்கள். ஈரத் துணி மகரந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும், இரவு முழுக்க அதில்தான் முகத்தை வைப்பீர்கள். படுக்க முதல் தலையைக் கழுவுங்கள். இதுதான் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. "இரவில முழுகினால் தடிமன் பிடிக்கும்!" ஆனால் வைரஸ் இல்லாமல் ஈரத்தலை மட்டும் தடிமனைக் கொண்டு வராது. பகல் முழுக்க முடியில் ஒட்டிய மகரந்தம் கட்டாயம் தும்ம வைக்கும். சமாதானமாக ஒரு வழி கண்டோம்: கழுவிவிட்டு ட்ரையரால் காயவைக்கிறேன். மெற்றெயோ மீடியாவில் மகரந்த அளவு போடுவார்கள், கூடின நாளில் யன்னலைச் சாத்துங்கள். வெளியில் போனால் கறுப்புக் கண்ணாடி. கோவிட் காலத்து மாஸ்க் இன்னும் வீட்டில் கிடக்கிறதே, அதுவும் உதவும்.

அடுத்தது குளிசை. டைபென்ஹைட்ராமின் போன்ற பழைய வகைகள் மூளைக்குள் போய் நித்திரை வரவைக்கும். செற்றிரிசின், லொராற்றடின், டெஸ்லொராற்றடின் போன்ற புதியவை அதைவிட மிகக் குறைவாகத்தான் தூக்கும். கனடாவின் ஒவ்வாமை வைத்தியர் சங்கம் 2019இல் புதிய வகைகளையே முதலில் எடுக்கச் சொன்னது. சோதனை நாளில் முதல் தடவையாக எந்தக் குளிசையையும் பரீட்சித்துப் பார்க்காதீர்கள். ஒரு கிழமைக்கு முன்னரே பாருங்கள்.

மூக்கடைப்புக் கூடினவர்களுக்கு ஸ்டெரொயிட் ஸ்பிறே உண்டு. ஸ்டெரொயிட் என்ற சொல்லைக் கேட்டு வீட்டில் பயப்படுவார்கள். மூக்கில் அடிக்கும் அளவு சிறியது, உடம்புக்குள் போவது மிகக் குறைவு. ஆனால் அடித்த உடனே வேலை செய்யாது, முழுப் பலன் வரச் சில நாள் எடுக்கும். அதனால் உங்கள் காலம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு கிழமைக்கு முன்பே தொடங்குவது நல்லது. இடது மூக்குக்கு வலது கையால், நடுச்சுவரைத் தொடாமல், காதுப் பக்கம் பார்த்து அடியுங்கள். மூக்கடைப்பை உடனே திறக்கும் வேறு ஸ்பிறேக்கள் இருக்கின்றன. அவற்றை மூன்று, நாலு நாளுக்கு மேல் அடித்தால் மூக்கு முன்னைவிட அடைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணியால் மூக்குக் கழுவினால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணி, இல்லாவிட்டால் வடித்த தண்ணி. குழாய்த் தண்ணியை நேரே விடக்கூடாது.

மூன்றாவது, உதவி கேளுங்கள். கியூபெக்கில் மகரந்த ஒவ்வாமை என்று ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களுக்குப் பார்மசிக்காரரே சில மருந்துகளை எழுதித் தரலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 811க்கு அடித்தால் தாதி ஒருவர் கதைப்பார். ஒவ்வாமை வைத்தியரிடம் போக வேறொரு வைத்தியரின் கடிதம் தேவைப்படும், காத்திருப்பும் உண்டு, அதனால் குளிர்காலத்திலேயே கேட்கத் தொடங்குங்கள். தோல் சோதனைக்கு முன் சுமார் ஒரு கிழமை அலர்ஜிக் குளிசையை நிறுத்தச் சொல்வார்கள். குளிசையும் ஸ்பிறேயும் போதாதவர்களுக்கு, அந்த மகரந்தத்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. இதை லண்டனில் லெனார்ட் நூன் 1911இலேயே ஊசியாகச் செய்து பார்த்தார். நாக்கின் கீழ் வைக்கும் பேர்ச் குளிசைக்குக் கனடாவில் 2020இல் அனுமதி கிடைத்தது. பொதுவாக மூன்று வருடம் எடுக்கவேண்டிய வைத்தியம் இது. நான் இப்போது அதில் இரண்டாவது வருடம்.

மரத்தை வெட்டினால் என்ன என்று கேட்காதீர்கள். ஜூலை வெக்கையில் மரமில்லாத தெரு எப்படி எரியும் என்று பார்க் எக்ஸ் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்களுக்கு இன்னும் மரம் வேண்டும்.

கிரந்தி

கடைசியில் அம்மாவுக்கு இது விளங்கியது எந்தச் சொல்லால் தெரியுமா? ஒவ்வாமை என்றேன், ஏதோ ரேடியோச் செய்தி மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தா. அலர்ஜி என்றேன், "அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு, கச்சானுக்கு வாறது" என்றா. பிறகு யோசித்துப் பார்த்தேன். கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, புண் இருக்கிறபோது சாப்பிடாதே என்று சின்ன வயதிலிருந்து சொன்னவ அவதானே. "அம்மா, இது காற்றில வாற கிரந்தி. வாயால சாப்பிடேல்லை, மூக்கால சாப்பிடுறம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு கேட்டா: "அப்ப எனக்கும் அதுதானோ?"

இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவ வைத்தியரிடம் வந்தா. அவவின் கையிலும் அதே சொட்டுத்தான் வீங்கியது. இப்போது காலையில் ஒரு குளிசை போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போறா. தலையணை உறை வீட்டுக்குள் காய்கிறது. மல்லி மட்டும் இன்னும் அவிக்கிறா, நானும் குடிக்கிறேன்.

உங்கள் போனில் கலண்டரைத் திறந்து, போன வருடம் எந்தக் கிழமை தும்மத் தொடங்கினீர்கள் என்று குறித்து வையுங்கள். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னால், "பார்மசிக்குப் போகவேணும்" என்று எழுதுங்கள். போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.